இறுதி முற்றுகையைத் தேடிய இயந்திரங்கள்

சதுரங்கப் பலகையின் 64 கட்டங்களுக்குள்ளே இயந்திரத்தின் ஆற்றலை அளந்து பார்க்கும் முயற்சி 250 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உடையது. அவ்வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1997 ஆம் ஆண்டில் ‘டீப் புளூ’ என்னும் இயந்திரம் உலக வீரர் கஸ்பரோவைத் தோற்கடித்த நிகழ்ச்சியையே சிகரமாகக் கொள்வர். வெற்றி தோல்வி பற்றிய அக்கதை சுவையானதே. ஆயினும், அறிவின் வளர்ச்சியிலே அக்கறை கொண்டோர் கவனிக்கவேண்டிய கிளைக்கதை ஒன்றும் உண்டு. ‘இந்நிலையிலிருந்து வெள்ளை தப்பாது வெல்லும்’ என்று ஓர் இயந்திரம் கூறுமானால், அக்கூற்று ஊகமா, நிரூபணமா? இவ்வினாவே அக்கிளைக்கதையின் கரு.

கட்டாய இறுதி முற்றுகை என்பதன் இலக்கணத்தை முதலில் தெளிந்துகொள்ளல் வேண்டும். மூன்று நகர்த்தல்களில் முற்றுகை உண்டு என ஒருவர் வாதிட்டால், தாக்குபவரின் பக்கத்தில் ஒவ்வொரு கட்டத்திலும் ஏற்ற நகர்த்தல் ஒன்று இருந்தாற் போதும். ஆனால், தற்காப்பவரின் பக்கத்தில் அவர் செய்யக்கூடிய அத்தனை எதிர் நகர்த்தல்களுக்கும் விடை காட்டவேண்டும். அவற்றுள் ஒன்றே ஒன்று விடுபட்டாலும் நிரூபணம் முழுமை பெறாது. ஒரு பக்கத்தில் ‘ஏதாவது ஒன்று’, மறுபக்கத்தில் ‘ஒவ்வொன்றும்’. வெல்பவன் தன் வழியைத் தெரிந்தெடுக்கலாம். தோற்பவனின் மறுமொழிகளுள் எதையும் புறக்கணிக்க அவனுக்கு உரிமையில்லை. இக்கடமையை எவ்வாறு நிறைவேற்றுவது என்பதிலேதான் இயந்திரங்களை ஆக்கியோர் வேறுபட்டனர்.

இத்துறையின் தொடக்கமே ஒரு மோசடிதான். 1770 இல் வியன்னா அரசவையிலே கெம்பெலன் என்பார் காட்சிக்கு வைத்த ‘துருக்கியன்’ என்னும் பொம்மை ஐரோப்பாவையே வியப்பில் ஆழ்த்தியது. பெட்டியினுள்ளே ஒளிந்திருந்த ஒரு மனிதன் விளையாட, புகழ் பெட்டிக்குச் சென்றது. 1854 இல் பிலடெல்பியாவிலே தீக்கிரையாகும்வரை அப்பொம்மை பல கைகளுக்கு மாறியது. உள்ளே மனிதன் இல்லாத முதல் இயந்திரத்தை 1912 இல் ஸ்பானியப் பொறியியலாளர் தொரெஸ் கெவேதோ அமைத்தார். அரசனும் கோட்டையும் கொண்டு, தனித்து நிற்கும் எதிரி அரசனை அது முற்றுகையிட்டது. அது எதையும் தேடவில்லை. ஆக்கியவர் வகுத்த விதிகளையே பின்பற்றியது. குறைந்த நகர்த்தல்களில் வெல்ல அதற்குத் தெரியாவிடினும், ஈற்றில் வெற்றி உறுதி. மனிதன் முன்கூட்டியே செய்துவைத்த சிந்தனை உலோகத்தில் உறைந்து கிடந்தது எனலாம்.

தேடல் என்னும் கருத்தைத் தெளிவாக வரையறுத்தவர் அமெரிக்கக் கணிதவியலாளர் கிளோட் ஷனன். 1950 இல் வெளியான அவரது கட்டுரை இரு நெறிகளைப் பிரித்துக் காட்டியது. குறித்த ஆழம்வரை எல்லா நகர்த்தல்களையும் ஆராய்வது ஒன்று. பொருத்தமானவை எனத் தோன்றும் சிலவற்றை மாத்திரம் ஆழ்ந்து ஆராய்வது மற்றொன்று. ஒரு நிலையில் ஏறத்தாழ 30 நகர்த்தல்கள் இயலும் என்பது அவர் கணக்கு. இரு நகர்த்தல்களில் முற்றுகை உண்டா என அறிய, வெள்ளை, கறுப்பு, மீண்டும் வெள்ளை என மூன்று படிகள் வேண்டும். அதாவது 27,000 வரிசைகள். ஆழம் சிறிது கூடினும் எண்ணிக்கை மலைபோல் வளரும்.

இதனைச் செயலிற் காட்டியவர் டீட்றிக் பிரின்ஸ். 1903 இல் பேர்லினிற் பிறந்து, நாற்சி ஆட்சிக் காலத்திலே தாயகத்தை நீங்கி இங்கிலாந்திற் குடியேறியவர் அவர். 1951 நவம்பரில் மன்செஸ்ரர்ப் பல்கலைக்கழகத்தின் ‘பெராண்டி மார்க் 1’ கணனியிலே, இரு நகர்த்தல்களில் முற்றுகையிடும் புதிர் ஒன்றை அவரது நிரல் விடுவித்தது. உண்மையான கணனியில் ஓடிய முதற் சதுரங்க நிரல் இதுவே. இயலும் ஒவ்வொரு நகர்த்தலையும் ஒன்றன்பின் ஒன்றாக அது சோதித்தது. எளிய புதிருக்கே கால் மணி நேரம் வேண்டியிருந்தது. கோட்டை கட்டுதல், காலாளின் பதவி உயர்வு முதலிய விதிகளுக்கு அதன் சிறிய நினைவகத்தில் இடமிருக்கவில்லை. எனினும், தான் ஏற்றுக்கொண்ட விதிகளுக்குள்ளே அது அளித்த விடை ஐயத்துக்கிடமற்றது. மெதுவானது, ஆனால் நேர்மையானது.

அனுபவமுள்ள ஆட்டக்காரன் இவ்வாறு தேடுவதில்லை. 1912 இல் இலண்டனில் எட்வேட் லஸ்கர், ஜோர்ஜ் தோமஸ் என்போர் ஆடிய புகழ்பெற்ற ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். லஸ்கர் தமது அரசியையே பலி கொடுத்து, எதிரி அரசனைப் பலகையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை துரத்தி, எட்டாவது நகர்த்தலில் வீழ்த்தினார். இரு தரப்பாரின் நகர்த்தல்களையும் எண்ணினால் 15 படிகள். படிக்கு 30 எனக் கொண்டு யாவற்றையும் ஆராய முனைந்தால், 14 இன் பின் 21 பூச்சியங்கள் இட்ட எண்ணிக்கையான வரிசைகள் தோன்றும். ஆனால், லஸ்கரின் நகர்த்தல் ஒவ்வொன்றும் அரசனை முற்றுகைக்கு உள்ளாக்கியது. எதிரிக்குப் பெரும்பாலும் ஒரே வழிதான் இருந்தது. நெடுஞ்சாலைபோல் தோன்றும் ஆழம் உண்மையில் ஒடுங்கிய ஒற்றையடிப் பாதையே.

இவ்வுண்மையை நிரலாக்க முயன்றவர்கள் ஜோர்ஜ் பெய்லரும் ஹேபேட் சைமனும் ஆவர். 1966 இல் அவர்கள் வெளியிட்ட ‘மேற்றர்’ நிரலின் முதல் வடிவம், தாக்குபவருக்கு முற்றுகை நகர்த்தல்களை மாத்திரமே அனுமதித்தது. எதிரிக்கு மிகக் குறைந்த மறுமொழிகளை விட்டுவைக்கும் நகர்த்தல் எதுவோ அதனையே முதலில் ஆராய்ந்தது. இதனால், பிரின்ஸின் முறை எட்டிப் பார்க்கவும் இயலாத ஆழங்களை அது அடைந்தது. அது கண்டுபிடித்த முற்றுகைகள் மெய்யானவை. ஏனெனில், தற்காப்பவரின் மறுமொழிகள் யாவும் ஆராயப்பட்டன. குறை மறுபுறத்தில் இருந்தது. முற்றுகை இடாத அமைதியான நகர்த்தல் ஒன்றில் வெற்றியின் திறவுகோல் இருக்குமாயின், அதனை அந்நிரல் காணமாட்டாது. அடுத்த நகர்த்தலில் முற்றுகையிட அச்சுறுத்தும் நகர்த்தல்களையும் சேர்த்து அதன் இரண்டாம் வடிவம் அக்குறையை ஓரளவு தணித்தது. கடினமான புதிர்கள் பலவற்றின் கடினமே இத்தகைய அமைதியான நகர்த்தலிலேதான் உறைகின்றது என்பதை நாம் மறத்தலாகாது.

அதே 1966 இல் இரு நெறிகளும் நேருக்குநேர் மோதின. அமெரிக்காவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்திலிருந்து கொட்டொக்-மக்கார்தி நிரலும், மொஸ்கோவின் கோட்பாட்டு, பரிசோதனைப் பௌதிகவியல் நிறுவனத்திலிருந்து மற்றொரு நிரலும் தந்தி மூலம் நான்கு ஆட்டங்கள் ஆடின. அமெரிக்க நிரல் தகுதியானவை எனத் தெரிந்தெடுத்த சில நகர்த்தல்களையே ஆராய்ந்தது. வேகங்குறைந்த எம்-20 கணனியில் ஓடிய சோவியத் நிரலோ எதையும் விலக்காது, குறித்த ஆழம்வரை தேடியது. மூன்று படிகள் தேடிய இரு ஆட்டங்கள் சமநிலையில் முடிந்தன. ஐந்து படிகள் தேடிய இரண்டிலும் சோவியத் நிரல் வென்றது. அவற்றுள் ஒன்று 19 ஆவது நகர்த்தலில் இறுதி முற்றுகையாகவே முடிந்தது.

எதையும் விலக்காமை என்பது எல்லாவற்றையும் பார்ப்பதன்று என்பதையும் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். தாக்குபவரின் ஒரு நகர்த்தலுக்குத் தற்காப்பவரிடம் தக்க மறுப்பு ஒன்று கிடைத்துவிட்டால், மீதி மறுமொழிகளைப் பார்க்க வேண்டியதில்லை; அந்நகர்த்தல் அங்கேயே வீழ்ந்தது. சோவியத் அறிஞர்களும் அமெரிக்க அறிஞர்களும் தனித்தனியே கண்ட இவ்வெட்டுமுறை, வேலையைப் பன்மடங்கு குறைத்தும் விடையை மாற்றுவதில்லை. காரணங்காட்டி விலக்குதல் வேறு. தோற்றங்கண்டு விலக்குதல் வேறு.

மொஸ்கோ ஆய்வுகூடத்தின் தலைவர் அலெக்சாண்டர் குரொன்றொட்டின் கதை வெற்றியோடு முடியவில்லை. அருமையான கணனி நேரம் விளையாட்டிற் செலவாகின்றது எனப் பௌதிகவியலாளர் முறையிட்டனர். 1968 இல், கணிதவியலாளர் யெசெனின்-வோல்பின் மனநோய் மருத்துவமனையில் அடைக்கப்பட்டதைக் கண்டித்து 99 கணிதவியலாளர் ஒப்பமிட்ட கடிதத்தில் குரொன்றொட்டின் ஒப்பமும் இருந்தது. அவர் பதவியை இழந்தார். பலகையிலே எதிரியின் ஒவ்வொரு மறுமொழிக்கும் செவிசாய்க்கும் நிரலை வளர்த்தெடுத்த நிறுவனம், தன் அறிஞனின் ஒரு மறுமொழியைச் சகிக்கவில்லை. சோஷலிசத்தில் நம்பிக்கையுடையோர் இந்நிகழ்ச்சியை மூடிமறைப்பதால் எவருக்கும் நன்மையில்லை.

இரு நெறிகளுக்கும் இடையிலான முரண்பாட்டுக்கு அழகியதொரு தீர்வு 1994 இல் நெதர்லாந்தில் விக்ரர் அல்லிஸ் முதலியோரால் முன்வைக்கப்பட்டது. ‘நிரூபண எண் தேடல்’ என அதனை அழைக்கலாம். ஒரு நிலையின் வெற்றியை மெய்ப்பிக்க இன்னும் குறைந்தது எத்தனை நிலைகளை மெய்ப்பிக்க வேண்டும் என்பதை இம்முறை இடையறாது கணக்கிடுகின்றது. தற்காப்பவரின் முறையில் மறுமொழிகள் யாவற்றின் எண்களும் கூட்டப்படும். தாக்குபவரின் முறையில் மிகச் சிறிய எண் தெரியப்படும். எதிரிக்கு ஒரு வழியே விடும் நகர்த்தலின் எண் 1. இருபது வழிகள் விடுவதன் எண் 20. முன்னதே முதலில் ஆராயப்படும். ஆராய ஆராய அதன் எண் 20 ஐத் தாண்டுமாயின், கவனம் மற்றதற்குத் திரும்பும். சைமனின் உள்ளுணர்வு இங்கே பாதுகாக்கப்படுகின்றது. ஆனால் அது விலக்கும் அதிகாரத்தை இழந்து, வரிசைப்படுத்தும் பணியை மட்டும் பெறுகின்றது. அமைதியான நகர்த்தல் பின்வரிசையிற் காத்திருக்கும், வெளியேற்றப்படமாட்டாது.

இம்முறையின் ஆற்றலை யப்பானியரின் சதுரங்கமான ஷோகி நன்கு விளக்கியது. அதன் முற்றுகைப் புதிர்களில் தாக்குபவர் ஒவ்வொரு முறையும் முற்றுகை இடவேண்டும் என்பது விதி. ‘மைக்ரோகொஸ்மொஸ்’ என்னும் 1525 படிகள் கொண்ட புதிரை, நிரூபண எண்ணைக் கையாண்ட நிரலொன்று விடுவித்தது.

இன்று எவரும் பெறக்கூடிய ‘ஸ்ரொக்பிஷ்’ போன்ற வலிமைமிக்க நிரல்கள், ஆட்டத்தை வெல்வதற்காக ஆக்கப்பட்டவை. எதிரிக்குத் தொடர்ந்து இருமுறை நகர்த்த இடங்கொடுத்தும் தன் நிலை வலுவாயின், அக்கிளையை மேலும் ஆராயாது விடுவது அவற்றின் உத்திகளுள் ஒன்று. பெரும்பாலும் இது பயன் தரும். ஆனால், நகர்த்தவேண்டிய கடமையே ஒருவருக்குக் கேடாக முடியும் நிலைகளில் இவ்வுத்தி ஏமாற்றக்கூடும். அதனாலேயே, உலக வீரர்களை வெல்லும் நிரல் சிலவேளை ஒரு புதிரின்முன் தடுமாற, முற்றுகையை மாத்திரம் தேடும் எளிய நிரல் அதனை விடுவிக்கின்றது. வெல்லும் திறனும் மெய்ப்பிக்கும் திறனும் ஒன்றல்ல.

பெட்டியினுள் மனிதன் ஒளிந்திருந்த காலம் போய்விட்டது. ஆயினும், எதை முதலிற் பார்ப்பது, எதைப் பாராது விடுவது என்று இயந்திரத்துக்குக் கற்பித்தவர்கள் மனிதர்களே. கணனி கூறிவிட்டது என்பதற்காக ஒரு முடிவை ஏற்கும்படி நாம் கேட்கப்படும் காலம் இது. அப்போது மாணவனும் ஆசிரியனும் எழுப்பவேண்டிய வினா ஒன்றுண்டு: இம்முடிவிலே யாருடைய மறுமொழி ஆராயப்படாது விடப்பட்டது, அதற்குக் காட்டப்பட்ட காரணம் யாது?