காணா வடுவும் கண்ணசைவும்

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான கட்டுத்துணி நெய்யப்படுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிழக்கே, சிவகாசி வட்டாரத்தில், பட்டாசு ஆலைகள் இயங்குகின்றன. தீக்காயத்தின் காரணமும் காயத்துக்குக் கட்டும் துணியும் ஒரே மாவட்டத்தில் உருவாகின்றன. ஆனால் வெடிவிபத்தில் உயிர்தப்பியவரின் மனத்தில் விழும் வடுவுக்கு மருந்து எது? மருத்துவம் இக்கேள்விக்கு விடை தேடிய வரலாற்றை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

தொல்காப்பியர் அச்சத்தை எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்தார். அவர் சுட்டும் அச்சத்தின் நிலைக்களன்கள் தெய்வம், விலங்கு, கள்வர், அரசன் எனப் புறத்தே நிற்பவை. புறக்காரணம் அகன்ற பின்னும் அகலாத அச்சத்தை நோயென்று ஏற்க நவீன மருத்துவத்துக்கே நெடுங்காலம் பிடித்தது. முதல் உலகப்போரின்போது, 1915இல், சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் 'ஷெல் ஷாக்' என்ற பெயரில் இதனைப் பதிவு செய்தார். எனினும் அப்போரில் ஓடிப்போனமை, கோழைமை முதலிய குற்றங்களுக்காகப் பிரிட்டன் தன் படைவீரர் 306 பேரைச் சுட்டுக் கொன்றது. மனம் சிதைந்தோரும் அவர்களுள் இருந்தனர். அவர்களுக்கான மன்னிப்பு 2006இல்தான் வந்தது. 1980இல்தான் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்ப்பட்டியலில் இந்நோய் தனியிடம் பெற்றது.

1987இல் ஃபிரான்சின் ஷப்பீரோ என்ற அமெரிக்கப் பெண்மணி பூங்காவில் நடக்கையில், தம் கண்கள் இருபுறமும் விரைந்து அசைந்தபோது துன்ப நினைவின் கூர்மை மழுங்கியதாக உணர்ந்தார். அதனைச் சிகிச்சையாக வளர்த்து, 1989இல் 22 பேரிடம் செய்த ஆய்வை வெளியிட்டார். நோயாளி கொடிய காட்சியை மனத்தில் நிறுத்தி, மருத்துவரின் இடவலமாக அசையும் விரலைக் கண்ணால் தொடர்வார், பின் தோன்றியதைச் சொல்வார், மீண்டும் தொடர்வார். நினைவும் பார்வையும் ஒரே நேரத்தில் மனத்தின் ஆற்றலைப் பங்கிட்டுக்கொள்வதால் காட்சி மங்குகிறது என்பது ஒரு விளக்கம். கண்ணசைவு தேவையே இல்லை, பாதுகாப்பான சூழலில் நினைவை எதிர்கொள்வதே போதும் என்பாரும் உளர். இவ்விவாதம் முடியவில்லை, ஆயினும் 2013இல் உலக சுகாதார நிறுவனம் இம்முறையைப் பரிந்துரைத்தது.

தமிழர் நிலத்திலும் இத்தகைய தேடல் நிகழ்ந்துள்ளது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையின் வடகிழக்கில், போரையும் கடலையும் கண்ட 31 சிறார்களிடம் ஜெர்மானிய ஆய்வாளர் குழு ஓர் ஆய்வு செய்தது. அங்கே கையாளப்பட்டது கண்ணசைவு அன்று. சிலர் தம் கதையைத் தொடர்ச்சியாகச் சொன்னார்கள். மற்றவர்கள் தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தார்கள். ஆறு அமர்வுகள். நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள். ஆறு மாதங்களுக்குப் பின் முதற்பிரிவில் 81 விழுக்காட்டினரும் அடுத்ததில் 71 விழுக்காட்டினரும் நோயிலிருந்து மீண்டிருந்தனர்.

இதில் நமக்கொரு பாடம் உண்டு. 2012இல் முதலிப்பட்டியிலும் 2021இல் அச்சங்குளத்திலும் ஆலைகள் வெடித்தபோது மாண்டவரை எண்ணினோம், காயமுற்றவரை எண்ணினோம். உடல் எரியாமல் தப்பி, கதவு அறையும் ஓசைக்கும் நடுங்குபவரை எந்தக் கணக்கில் சேர்த்தோம்? கண்ணசைவோ கதைசொல்லலோ, முறை எதுவாயினும் முதலில் வேண்டுவது அந்நடுக்கம் கோழைமையன்று, காயம் என்ற ஒப்புதல். அடுத்து வேண்டுவது, அவரருகே ஆறு முறையேனும் பொறுமையாக அமர்ந்திருக்கக் கற்ற, அவர் மொழி பேசும் ஒருவர்.