பாலூட்டி என்னும் இனப்பெயர்

விலங்கினப் பகுப்பிற் பெயரீடும் ஒரு கொள்கையே என்பதற்குச் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசின் நூல் தக்க சான்றாகும். 1735-இல் வெளிவந்த முதற் பதிப்பில் அவர் கையாண்ட இனப்பெயர் 'நாற்கால் விலங்குகள்' என்னும் பொருளது. இருகாலுடைய மாந்தனையும் அதனுள் அடக்கினார். திமிங்கிலத்தையோ மீனொடு சேர்த்தார். திமிங்கிலமும் ஓங்கிலும் காற்றை உயிர்த்துக் கன்றுக்குப் பாலூட்டுவன எனக் கண்டு, அவற்றை மீனினின்றும் அரிசுடாட்டில் பண்டே பிரித்திருந்தமை ஈண்டு நினைக்கத்தக்கது.

1758-இல் வந்த பத்தாம் பதிப்பில் பெயர் மாறிற்று. திமிங்கிலமும் இடம் மாறிற்று. கொங்கையைக் குறிக்கும் 'மம்மா' என்னும் இலத்தீன் சொல்லடியாக 'மம்மாலியா' என்றார். இருபாலார்க்கும் பொதுவாகிய மயிரை விடுத்து, பெண்பாலில் மட்டுமே தொழிற்படும் உறுப்பை அவர் தெரிந்தது ஏன்? மகவைச் செவிலியர்பால் விடும் வழக்கத்தைக் கண்டிக்கும் ஆய்வுரையொன்று 1752-இல் அவர்தம் மேற்பார்வையில் வெளிவந்தது. இரண்டற்கும் தொடர்புண்டு என 1993-இல் லோண்டா சீபிங்கர் கூறியது பொருத்தமுடைத்து என்றே கொள்கின்றோம்.

தமிழில் வழங்கும் 'பாலூட்டி' இலத்தீனின் மொழிபெயர்ப்பன்று. அஃது உறுப்பைச் சுட்டாது தொழிலைச் சுட்டுகின்றது. செருமானியப் பெயரும் இத்தகையதே. இவ்வேறுபாடு சிறிதன்று. ஆத்திரேலியாவின் பிளாட்டிபசு முட்டையிடுவது. 1884-இல் கால்டுவெல் என்னும் விலங்கியலார் இதனை உறுதிசெய்தார். அதற்கு முலைக்காம்பில்லை. தோலிற் கசியும் பாலையே குட்டி உண்ணும். உறுப்படியாகப் பிறந்த பெயர் இவ்விலங்கினிடத்து இடர்ப்படுகின்றது. தொழிலடியாகப் பிறந்த நம் சொல்லுக்கு அவ்விடர் இல்லை.