டயகமத் தேயிலையும் உறைபனியும்

ஹோர்ட்டன் சமவெளியின் அடிவாரத்திலே, ஆக்ரா ஓயா பாயும் பள்ளத்தாக்கில் அமைந்தது டயகம. தை மாதத்து வைகறைகள் சிலவற்றில் அங்கே தேயிலைத் தூர்கள் வெண்துகள் போர்த்து நிற்கும். காட்சி அழகியதே, ஆயின் வெயில் ஏறியதும் கொழுந்து கருகிவிடும். கொழுந்து குறையின் நிறை குறையும். நிறை குறையின் முழுப்பேர் அரைப்பேராகும். எனவே, "இக்குளிர் எதனால் வந்தது?" என்னும் வினா அறிஞருக்கு மட்டுமன்றி, லயத்து அடுப்பங்கரைக்கும் உரியதாகும்.

இவ்வினா புதியதன்று. 19ஆம் நூற்றாண்டிலே கோப்பிப் பயிருக்காக இம்மலைகளின் காடுகள் வெட்டி எரிக்கப்பட்டன. காடு அழியின் மழையும் வெப்பமும் மாறுமோ என்ற ஐயம் அன்றே எழுந்தது. கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளைத் தீண்டாது விடுமாறு 1873இல் அறிவுரை கூறினார். உயர்மலைக் காடுகள் இன்றும் எஞ்சியிருத்தற்கு அவ்வறிவுரையும் ஒரு காரணம். 1869இல் தோன்றிய இலைத்துரு நோயினாற் கோப்பி அழிய, தேயிலை அதன் இடத்தைப் பெற்றது.

உறைபனி பிறக்கும் முறை எளிது. மேகமற்ற, காற்றசையாத இரவிலே நிலம் தன் வெப்பத்தை வானுக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனமுடையதாதலின் பள்ளங்களில் வந்து தேங்கும். மரக்கிளைகள் அவ்வெப்பத்தை ஓரளவு தடுத்து நிறுத்தும். ஆதலின் நிழல்மரத்தின் கீழ்ப் பனிக்கருகல் குறைவு.

"இவ்வாறு பனி கொட்டும்போது உலகம் சூடாகின்றது என்பது எங்ஙனம் பொருந்தும்?" எனச் சிலர் கேட்பர். ஓரிரவின் குளிர் வானிலை. பல்லாண்டுச் சராசரியே காலநிலை. கரியமிலவாயு பெருகின் புவி வெப்பமுறும் என 1896இல் சுவாந்தே அரேனியஸ் கணக்கிட்டார். 1958இல் ஹவாய்த் தீவில் அளவீடு தொடங்கியபோது காற்றில் அவ்வாயு பத்து இலட்சத்தில் சுமார் 315 பங்காக இருந்தது. இன்று 420ஐக் கடந்துவிட்டது. ஞாயிற்றின் மாற்றமே காரணம் என்றாரும் உளர். ஆயின் வெப்பம் விரைந்தேறிய அண்மைப் பத்தாண்டுகளில் ஞாயிற்றின் ஒளி மிகவில்லை. மனிதச் செயலே காரணம் என்பதில் ஐயமில்லை என ஐக்கிய நாடுகளின் காலநிலை அறிஞர் குழு 2021இல் முடிபு கூறிற்று.

வெப்பமுறும் உலகிலும் குளிரிரவுகள் வரும். நிலக்கரியையும் எண்ணெயையும் மிகுதியாய் எரித்தவர் எங்கோ உளர். பருவம் பிறழும்போது அரைப்பேர் பெறுபவள் டயகமவில் உளள். ஐயமெல்லாம் தீரும்வரை காத்திராது அன்று காட்டைக் காத்தனர். அம்முன்னெச்சரிக்கை, ஐயம் நீங்கிய இன்று நமக்கு வேண்டாவோ?