பெரியம்மை ஒழிப்புத் திட்டத்தில் அறிவுப் பரிமாற்றம்

பெரியம்மை ஒழிப்புத் திட்டம் என்பது உலக சுகாதார நிறுவனம் 1967 முதல் தீவிரமாக நடத்திய உலகளாவிய தடுப்பூசித் திட்டம். அதன் வெற்றி 1980இல் முறையாக அறிவிக்கப்பட்டது. மனிதரைத் தாக்கும் நோய்களுள் மனித முயற்சியால் முற்றாக ஒழிந்தது இதுவரை பெரியம்மை ஒன்றே. தமிழில் இந்நோய் வைசூரி என்றும் வழங்கப்பெற்றது. நல்ல தடுப்பு மருந்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கையில் இருந்தும் ஒழியாத நோய், பத்தாண்டுகளில் ஒழிந்தது. எங்கே நோய் இருக்கிறது, எந்த முறை பலன் தந்தது என்ற செய்தி ஊரிலிருந்து தலைமையகத்துக்கும், ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கும் விரைந்து சென்றதே இதற்குத் தலையாய காரணம். அச்செய்தி திரட்டப்பட்ட, பகிரப்பட்ட, பாதுகாக்கப்பட்ட முறைகளை இக்கட்டுரை விளக்குகிறது.

முன்வரலாறு

இங்கிலாந்து மருத்துவர் எட்வர்ட் ஜென்னர் 1796 மே 14 அன்று மாட்டம்மைப் பாலைச் சிறுவன் ஒருவனுக்குக் குத்தி, அது பெரியம்மையைத் தடுப்பதைச் சோதித்தார். தம் ஆய்வை 1798இல் சிறு நூலாக வெளியிட்டார். சில ஆண்டுகளுக்குள் ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் அது பெயர்க்கப்பட்டது. கேட்ட மருத்துவர்களுக்கு அம்மைப்பாலையும் குத்தும் முறையையும் ஜென்னர் கடித வழியாகவே அனுப்பிவந்தார். நூலும் மருந்தும் சேர்ந்தே பயணம் செய்ய வேண்டியிருந்தது இத்துறையின் தொடக்ககால இயல்பு.

ஸ்பானிய அரசு அனுப்பிய பல்மிஸ் பயணக் குழு இதற்குச் சிறந்த சான்று. பிரான்சிஸ்கோ சேவியர் தெ பல்மிஸ் என்ற மருத்துவர் 1803 நவம்பர் 30 அன்று லா கொருன்யா துறைமுகத்திலிருந்து புறப்பட்டார். அம்மைப்பால் வழியில் கெடாதிருக்க, பெற்றோரற்ற சிறுவர் 22 பேரைக் கப்பலில் ஏற்றி, ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு அதை மாற்றிக்கொண்டே சென்றனர். மொரோ தெ லா சார்த் எழுதிய பிரெஞ்சு நூலைப் பல்மிஸ் ஸ்பானிய மொழியில் பெயர்த்திருந்தார். அதன் 500 படிகளையும் உடன் கொண்டுபோனார். சென்ற ஊர்களில் தடுப்புக் குழுக்களை அமைத்து, குத்தப்பட்டோர் பெயரைப் பதிவேட்டில் எழுதச் செய்தார். தடுப்பு மருந்து, கையேடு, பதிவேடு ஆகிய மூன்றையும் ஒன்றாக அனுப்பும் முறை இங்கே தொடங்குகிறது.

இந்தியாவுக்கு அம்மைப்பால் வியன்னா மருத்துவர் ஜான் தெ காரோவின் முயற்சியால் கான்ஸ்டான்டிநோபிள், பாக்தாத், பஸ்ரா வழியாக வந்தது. 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்திக்கு வெற்றியாகக் குத்தப்பட்டது. அங்கிருந்து சென்னை உள்ளிட்ட பிற பகுதிகளுக்குப் பரவியது.

புதிய முறையை மக்கள் ஐயத்தோடு நோக்கினர். அதை நீக்கச் சென்னையில் விந்தையான முயற்சி ஒன்று நடந்தது. சென்னை ஆட்சியராக இருந்த மொழியறிஞர் எஃப். டபிள்யூ. எல்லிஸ், மாட்டம்மைத் தடுப்பு இந்நாட்டு மரபுக்கு ஒத்ததே எனக் காட்டும் வகையில், பழைய நூல்களின் போக்கில் ஓர் ஆக்கத்தை எழுதினார். 1819இல் ‘மெட்ராஸ் கூரியர்’ ஏட்டில் ‘கல்வி விரும்பன்’ என்ற புனைபெயரில் வந்த கடிதம், இம்முறை இந்தியப் பழநூலிலேயே உள்ளது என்றது. ஐரோப்பிய ஏடுகள் அதை எடுத்தாண்டன. பின்வந்த ஆய்வு அக்கூற்றுக்கு ஆதாரம் இல்லை என்று நிறுவியது. ஆயினும் அது நூல்களில் நெடுங்காலம் வாழ்ந்தது. திருத்தத்தைவிடப் பிழை தொலைவு செல்லும் என்பதற்கு இத்துறையில் இது ஓர் எடுத்துக்காட்டு.

நாடுகளுக்கிடையே நோய்ச் செய்தி பரிமாறும் நிலையான அமைப்பு முதல் உலகப் போருக்குப் பின்னரே உருவாயிற்று. நாடுகளின் கூட்டவையின் சுகாதாரப் பிரிவு 1925இல் சிங்கப்பூரில் கீழ்த்திசை அலுவலகத்தைத் திறந்தது. ஆசியத் துறைமுகங்களிலிருந்து தந்தியில் வரும் கொள்ளைநோய்ச் செய்திகளை அது வாரந்தோறும் தொகுத்து வானொலி வழியாக ஒலிபரப்பியது. 1926இல் வாராந்திர நோய்நிலைப் பதிவேடு என்னும் இதழ் தொடங்கியது. உலக சுகாதார நிறுவனம் 1948இல் அமைந்தபோது இவ்விதழ் அதன் பொறுப்புக்கு வந்தது.

திட்டத்தின் தோற்றம்

1958இல் மினியாபொலிஸ் நகரில் கூடிய உலக சுகாதார மன்றத்தில், சோவியத் ஒன்றியத்தின் விக்டர் ழ்தானவ் பெரியம்மையை உலகிலிருந்தே ஒழிக்கலாம் என்று முன்மொழிந்தார். மறு ஆண்டு தீர்மானம் நிறைவேறியது. பணம் மட்டும் போதிய அளவு ஒதுக்கப்படவில்லை. 1966இல் மன்றம் தீவிரத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. தேவைப்பட்டதைவிட இரண்டு வாக்குகளே கூடுதலாகக் கிடைத்தன. அமெரிக்க நோய்ப்பரவலியலாளர் டி. ஏ. ஹெண்டர்சன் ஜெனீவாத் தலைமையகத்தில் திட்டத்தின் தலைமையை ஏற்றார். 1977இல் ஜப்பானியரான இசாவோ அரிட்டா அவரைத் தொடர்ந்தார்.

1967இல் 31 நாடுகளில் நோய் நிலைகொண்டிருந்தது. அவ்வாண்டு அரசுகள் தெரிவித்த நோயாளிகள் ஏறத்தாழ 1,30,000 பேர். உண்மையில் 1 கோடி முதல் 1.5 கோடி பேர் வரை நோயுற்றிருப்பர் எனப் பின்னர் மதிப்பிடப்பட்டது. நூற்றுக்கு ஒருவர் பற்றிய செய்திதான் ஜெனீவாவை எட்டியது என்பது இதன் பொருள். பல நாடுகள் எத்தனை பேருக்கு அம்மை குத்தப்பட்டது என்பதையே கணக்கெழுதின. இந்தியாவில் 1962இல் தொடங்கிய தேசியத் திட்டமும் அப்படியே. குத்திய எண்ணிக்கை கோடிக்கணக்கில் ஏறியது, நோய் குறையவில்லை. குத்தியவற்றை எண்ணுவதை விட்டு நோயாளிகளை எண்ணத் தொடங்கியதே 1967க்குப் பின் நிகழ்ந்த அடிப்படை மாற்றம்.

அறிக்கைகள்

நோய் நிலைகொண்ட நாடுகளில் ஒவ்வொரு மாவட்டமும் வாரந்தோறும் அறிக்கை அனுப்ப வேண்டும். நோயாளி எவரும் இல்லையென்றால் ‘இல்லை’ என்றே எழுதி அனுப்ப வேண்டும் என்பது விதி. வராத அறிக்கையும் நோயில்லை என்ற அறிக்கையும் ஒன்றாகிவிடாமல் இது காத்தது. ஜெனீவாவில் இவற்றைத் தொகுத்து, வாராந்திர நோய்நிலைப் பதிவேட்டில் பெரியம்மை நிலவர அறிக்கைகளாகத் தொடர்ந்து வெளியிட்டனர். எண்ணிக்கைகளோடு, ஏதேனும் ஒரு நாட்டில் பலன் தந்த புதிய முறையும் அதில் விளக்கப்படும். அனுப்பிய செய்தி அச்சில் திரும்பி வருவதைக் கண்ட கள அலுவலர்கள் அடுத்த அறிக்கையைத் தவறாமல் அனுப்பினர். இதழில் இடம்பெறாத ஆய்வுக் குறிப்புகள் தனி வரிசை எண்ணிட்ட ஆவணங்களாகச் சுற்றுக்கு விடப்பட்டன.

தலைமையகத்தில் இப்பணியைச் செய்த வல்லுநர்கள் பத்துப் பேருக்கும் குறைவு.

கையேடுகளும் கருவிகளும்

1967இல் நோய் நிலைகொண்ட நாடுகளுக்கான கையேடு வெளிவந்தது. தடுப்பு மருந்தின் தரமே அப்போது பெருஞ்சிக்கலாக இருந்தது. வெப்பத்தைத் தாங்கும் உறைவுலர் மருந்தைத் தயாரிக்கும் முறையை லண்டன் லிஸ்டர் நிலையத்தின் லெஸ்லி காலியர் 1950களில் உருவாக்கியிருந்தார். ஆயினும் பல நாடுகளில் தயாரானவை தரத்துக்குக் கீழே இருந்தன. 1968இல் தேர்ந்த தயாரிப்பாளர்களை ஜெனீவாவில் கூட்டிச் செய்முறைக் கையேடு ஒன்றை எழுதச் செய்தனர். தொழில் நுணுக்கங்களை நிறுவனங்கள் மறைக்காமல் எழுதித் தந்தன. கனடாவிலும் நெதர்லாந்திலும் இருந்த இரு ஆய்வகங்கள் மாதிரிகளைச் சோதித்து முடிவைத் தெரிவித்தன. இந்தியாவில் கிண்டி கிங் நிலையம் உள்ளிட்ட நான்கு நிலையங்கள் உறைவுலர் மருந்தைத் தயாரித்தன.

வைத் ஆய்வகத்தின் பெஞ்சமின் ரூபின் உருவாக்கிய, நுனி இரண்டாகப் பிளந்த ஊசி 1968 முதல் பயன்பாட்டுக்கு வந்தது. மருந்துச் செலவு கால்பங்காகக் குறைந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் பத்துப் பதினைந்து நிமிடங்களில் இதைக் கற்பிக்க முடிந்தது. வைத் ஆய்வகம் காப்புரிமைத் தொகை கேட்கவில்லை.

கள அறிவு ஒரு நாட்டிலிருந்து மற்ற நாடுகளுக்குச் சென்றதற்கு அடையாள அட்டை நல்ல சான்று. இந்தோனேசியப் பணியாளர்கள், அம்மை கண்ட குழந்தையின் படத்தை அட்டையில் ஒட்டிப் பள்ளிகளிலும் சந்தைகளிலும் காட்டி, இப்படி யாருக்கேனும் வந்திருக்கிறதா என்று கேட்டனர். மாணவர் சொன்ன செய்திகள் அலுவலகப் பதிவுகளைவிட நம்பகமாக இருந்தன. ஜெனீவா இதை ஏற்று அச்சிட்டுப் பிற நாடுகளுக்கு வழங்கியது. இந்தோனேசியாவில் 1972 ஜனவரியோடு நோய் முடிந்தது.

நோய் வகைப்பாடு: சென்னையின் பங்கு

உலகெங்கும் ஒரே சொல்லால் ஒரே நிலையைக் குறித்தால்தான் அறிக்கைகளை ஒப்பிட முடியும். பெரியம்மையின் வகைப்பாடு இத்திட்டத்துக்குச் சென்னையிலிருந்து கிடைத்தது. தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் ஏ. ஆர். ராவ், அங்குச் சேர்க்கப்பட்ட 6,942 நோயாளிகளை ஆராய்ந்து 1972இல் ‘ஸ்மால்பாக்ஸ்’ என்னும் நூலை வெளியிட்டார். இவர்களுள் 3,544 பேர் அம்மை குத்திக்கொள்ளாதவர்கள். அவர் வகுத்த பகுப்பை உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு ஏற்றுக்கொண்டது. அதன்படி நோய் பின்வருமாறு வகைப்படும்:

1. வழக்கமான வகை. அம்மை குத்தாதவரில் நூற்றுக்கு 89 பேர் வரை இவ்வகையினர். முத்துகள் ஒன்றோடொன்று முற்றும் கலந்தவை, முகத்தில் மட்டும் கலந்தவை, தனித்தனியானவை என இது மூன்று உட்பிரிவுகளை உடையது. அம்மை குத்தாதவரில் இறப்பு முறையே நூற்றுக்கு 62, 37, 9 என்ற அளவில் இருந்தது.

2. மாற்றமுற்ற வகை. பெரும்பாலும் முன்பு அம்மை குத்தியவர்க்கு வருவது, விரைவில் ஆறும், உயிருக்கு ஊறு இல்லை.

3. தட்டை வகை. முத்துகள் எழும்பாமல் தோலோடு படிந்திருக்கும். அம்மை குத்தாதவர் பிழைப்பது அரிது.

4. இரத்தக்கசிவு வகை. தோலிலும் உள்ளுறுப்புகளிலும் இரத்தம் கசியும். ஏறக்குறைய அனைவரும் இறப்பர். முத்து எழுமுன்பே இறப்பு நேர்வதால் வேறு நோயென மயங்கியதும் உண்டு.

5. முத்தில்லா வகை. காய்ச்சல் மட்டும் காணும். ஆய்வகச் சோதனையால்தான் உறுதி செய்ய இயலும்.

ராவும் உடன் பணியாற்றியவர்களும் 254 குடும்பங்களில் செய்து 1968இல் வெளியிட்ட ஆய்வும் இங்குக் குறிக்கத்தக்கது. நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்தும், அம்மை குத்தாதவருள் நூற்றுக்கு 37 பேருக்கே நோய் தொற்றியது. பெரியம்மை காட்டுத்தீ போலப் பரவும் என்ற நெடுநாள் நம்பிக்கை இதனால் தளர்ந்தது. மெல்லப் பரவும் நோயைச் சுற்றி வளைத்து நிறுத்த முடியும் என்ற துணிவுக்கு இது அறிவியல் அடிப்படை ஆயிற்று.

கண்டறிந்து சூழ்தல்

1966 டிசம்பரில் கிழக்கு நைஜீரியாவில் அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஃபேகியிடம் அனைவருக்கும் போதிய மருந்து இல்லை. சமயப் பணியாளர்களின் வானொலித் தொடர்பு வழியே எந்த ஊரில் நோய் உள்ளது என்று கேட்டறிந்து, நோய் கண்ட ஊர்களிலும் அது பரவக்கூடிய ஊர்களிலும் மட்டும் மருந்தைச் செலுத்தினார். நோய் நின்றது. இம்முறை மேற்கு ஆப்பிரிக்கா முழுவதும் பின்பற்றப்பட்டது. அங்கு 1970இல் பெரியம்மை மறைந்தது. எல்லோருக்கும் குத்துவதே வழி என்று வாதிட்டோரின் கருத்து இதன்பின் வலுவிழந்தது.

இந்தியக் களம்

தென்மாநிலங்கள் முன்னரே பெரிதும் விடுபட்டிருக்க, உத்தரப் பிரதேசம், பீகார், மத்தியப் பிரதேசம், மேற்கு வங்கம் ஆகியவற்றில் நோய் நிலைத்திருந்தது. 1973 இலையுதிர் காலத்தில் ‘தேடுதல் வாரம்’ தொடங்கியது. மலேரியா, குடும்பநலப் பணியாளர் உள்பட சுகாதாரத் துறையினர் அனைவரும் மாதத்தில் ஒரு வாரம் ஊர் ஊராகச் சென்று விசாரித்தனர். முதல் தேடலிலேயே மறைந்திருந்த நோயாளிகள் ஆயிரக்கணக்கில் வெளிப்பட்டனர். ஆரம்ப சுகாதார நிலையங்களில் வதந்திப் பதிவேடு வைத்து, கேள்விப்பட்ட ஒவ்வொரு செய்தியும் விசாரித்து முடிவோடு எழுதப்பட்டது. செய்தி தந்தவருக்கு வழங்கிய பரிசுத்தொகை 50 ரூபாயில் தொடங்கி 1975இல் 1,000 ரூபாயாக உயர்ந்தது.

மாதந்தோறும் நடந்த ஆய்வுக் கூட்டங்களே இக்களத்தின் நடுநாயகம். மாவட்ட அலுவலர்கள் தம் எண்ணிக்கைகளை முன்வைப்பர். தனிக் குழுவினர் சில ஊர்களுக்கு மீண்டும் சென்று கண்டவற்றோடு அவை ஒப்பிடப்படும். அடுத்த மாத முறை அங்கேயே திருத்தப்படும். எம். ஐ. டி. ஷர்மா, நிக்கோல் கிராசே, ஸ்தெனெக் எசெக் முதலிய திட்ட அலுவலர்கள் இதில் முன்னின்றனர். 1974இல் இந்தியாவில் 1,88,003 நோயாளிகள் பதிவாயினர். தேடல் கூர்மையானதும் இவ்வளவு பேர் கணக்கில் வந்ததற்கு ஒரு காரணம். 1975 மே மாதத்தோடு நோய் நின்றது. வங்காளதேசத்தில் அதே ஆண்டு அக்டோபரில் நின்றது. சில இடங்களில் மக்களை வற்புறுத்தி ஊசி போட்டதை வரலாற்றாசிரியர்கள் கண்டித்துள்ளனர். செய்தி ஏற்பாட்டின் சிறப்பை அது குறைப்பதாகாது.

சான்றளிப்பும் ஆவணங்களும்

இயற்கையாகத் தொற்றிய கடைசிப் பெரியம்மை 1977 அக்டோபர் 26 அன்று சோமாலியாவின் மெர்கா நகரில் வெளிப்பட்டது. அடுத்த ஆண்டு பர்மிங்ஹாமில் ஆய்வகத்தோடு தொடர்புடைய தொற்று நேர்ந்து ஓர் உயிர் போயிற்று. ஈராண்டு நோயின்றிக் கழிந்த நாடுகளுக்குப் பன்னாட்டுக் குழுக்கள் சென்று, தேடல் பதிவுகளையும் குழந்தைகளின் முகத் தழும்புகளையும் பார்வையிட்டன. ஃபிராங்க் ஃபென்னர் தலைமையிலான உலக ஆணையம் 1979 டிசம்பர் 9 அன்று கையொப்பமிட்டது. 1980 மே 8 அன்று உலக சுகாதார மன்றம் ஒழிப்பை அறிவித்தது. ஆவணங்களைப் பாதுகாக்க வேண்டும் என்பதும் ஆணையத்தின் பரிந்துரை. அதன் பயனாக ஃபென்னர், ஹெண்டர்சன், அரிட்டா, எசெக், லாத்னி ஆகிய ஐவரும் 1988இல் 1,460 பக்க வரலாற்று நூலை வெளியிட்டனர். ஜெனீவாவில் உள்ள திட்ட ஆவணங்கள் 2017இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன.

பிற்காலம்

1974இல் தொடங்கிய விரிவான தடுப்பூசித் திட்டமும் 1988இல் தொடங்கிய போலியோ ஒழிப்புத் திட்டமும் பெரியம்மை ஒழிப்பின் முறைகளைப் பின்பற்றின. பெரியம்மைக் கிருமி இன்று அட்லாண்டாவிலும் ரஷ்யாவின் கோல்ட்சோவோவிலும் உள்ள இரு ஆய்வகங்களில் மட்டும் வைக்கப்பட்டுள்ளது. இயற்கைப் போலியோக் கிருமி பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் ஆகிய இரு நாடுகளில் இன்னும் நிலைகொண்டுள்ளது.