வெள்ளமும் நீர்வழி நோய்களும்: நானுஓயாத் தோட்டங்களை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

வெள்ளத்தைத் தொடர்ந்து தோன்றும் கொள்ளைநோயை இயற்கையின் சீற்றமாக மட்டும் கொள்வது வழக்கம். மலையகத் தோட்டங்களின் வரலாற்றை நோக்குமிடத்து இவ்விளக்கம் போதாதென்பது புலனாகும். மழை நோய்க்கிருமியைப் படைப்பதில்லை. மனிதக் கழிவும் குடிநீரும் அருகருகே விடப்பட்ட இடத்தில் அவ்விரண்டையும் கலந்துவிடுகிறது. அவை அவ்வாறு விடப்பட்டமைக்கான காரணத்தை வரலாற்றிலேயே தேடவேண்டும்.

கோப்பிக் காலத்தில் தென்னிந்தியத் தொழிலாளர் மன்னார்ப் பகுதியிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்து வந்தனர். வழியில் வாந்திபேதிக்குப் பலியானோர் பலர். அந்நோய் குடிநீரால் பரவுவதை 1854 இல் இலண்டனில் ஜோன் ஸ்னோ எடுத்துக்காட்டினார். 1884 இல் றொபேட் கொக் அதன் கிருமியைத் தெளிவுபடுத்தினார். ஆயினும் குடியேற்ற ஆட்சி, நோயைத் தொழிலாளி தன் உடலோடு கொண்டுவந்த பொருளாகவே பெரிதும் கருதிற்று. முகாம்களில் ஆள்மீது செலுத்தப்பட்ட கண்காணிப்பு, தோட்டத்து நீர்மீது அதே அளவிற் செலுத்தப்படவில்லை. 1872 ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமும் நோயுற்றோர்க்கு மருந்தளிப்பதையே முதன்மையாக நோக்கியது. 1916 இல் றொக்பெல்லர் நிறுவனத்தின் கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கிய பின்னரே தோட்டங்களில் மலசலகூடம் ஒரு பிரச்சினையாகப் பேசப்படலாயிற்று.

1885 இல் புகையிரதம் நானுஓயாவை அடைந்தது. கோப்பியின் இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது; லயன் அமைப்போ மாறவில்லை. நுவரெலியாவின் கிரகரி வாவி நீர் நானுஓயாப் பக்கமாக வடிந்து, கொத்மலை ஓயா வழியே மகாவலியைச் சேர்கிறது. இச்சரிவில் மேல் லயத்தின் கழிவு கீழ் லயத்தின் பீலியைச் சென்றடைவது புவியியலின் நியதி மட்டுமன்று. குடியிருப்புகள் அமைக்கப்பட்ட முறையின் விளைவுமாகும். பெருமழையில் மலக்குழிகள் நிரம்பி வழிகின்றன. மண்சரிவு குழாய்களை உடைக்கிறது. மக்கள் ஓடை நீரை நாடுகின்றனர். கலங்கல் நீரில் குளோரினின் வலு குன்றுகிறது. வயிற்றுளைவு சில நாட்களிற் தோன்றும். நெருப்புக்காய்ச்சலுக்குப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரங்கள் செல்லும். செங்கண்மாரி வெளிப்பட ஏறத்தாழ நான்கு வாரங்களாகும். ஆகவே நிவாரண வண்டிகள் திரும்பிச் சென்ற பின்னரே நோயின் ஒரு பகுதி தலைகாட்டுகிறது. வெள்ளத்தின் கணக்கில் அது சேர்க்கப்படாது போவதும் எளிது.

1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் பொதுநிதி செலவிடுவதற்குத் தடையாகப் பொருள்கொள்ளப்பட்டது. 2018 இலேயே அது திருத்தப்பட்டது. வரியும் வாக்கும் அளித்த மக்கள், தம் வடிகாலுக்கும் குடிநீருக்கும் தோட்ட நிருவாகத்தின் தயவை எதிர்நோக்க நேர்ந்தமை இதனாலேயாகும்.

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல் நாடெங்கும் 600 க்கு மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்கள் மண்சரிவுகளாற் பெரிதும் அழிவுற்றன. இத்தகைய அழிவின்பின் நீரைக் கொதிக்கவைத்துப் பருகுமாறு கூறும் அறிவுரை தேவையானதே. ஆனால் விறகு நனைந்து, அடுப்பே இடிந்துபோன குடும்பத்திடம் அவ்வறிவுரை மட்டும் சென்றடைந்தால், நோயின் பொறுப்பு மீண்டும் தொழிலாளியின் தலையிலேயே சுமத்தப்படுகிறது. பாதுகாப்பான காணி, உரிமையுள்ள வீடு, காக்கப்பட்ட நீரூற்று ஆகிய மூன்றையும் பொதுச் சுகாதாரத்தின் அடிப்படைகளாகக் கொள்ளாதவரை, மலையகத்தில் வெள்ளம் வடிந்த பின்னரும் அதன் நோய் வடியாது.