1920 கட்டங்களுக்குள் ஒரு நிலவறை

80 எழுத்து அகலம், 24 வரி உயரம். மொத்தம் 1920 கட்டங்கள். 1980 வாக்கில் அமெரிக்கப் பல்கலைக்கழகக் கணினி அறைகளில் இருந்த டெர்மினல் ஒரே நேரத்தில் காட்ட முடிந்தது அவ்வளவுதான். சாந்தா குரூஸில் படித்துக்கொண்டிருந்த மைக்கேல் டாய், கிளென் விச்மன் என்ற இரண்டு மாணவர்கள் அந்தக் கட்டங்களுக்குள் ஒரு நிலவறையைக் கட்டினார்கள். @ என்றால் நீங்கள். புள்ளி என்றால் தரை. ஆங்கிலப் பெரிய எழுத்து ஏதாவது நகர்ந்து வந்தால் அது உங்களைக் கொல்ல வருகிறது. பெயர் ரோக். இன்றைக்கும் 'ரோக்லைக்' என்று ஒரு வகைமையே அதன் பெயரில் ஓடிக்கொண்டிருக்கிறது.

கிராஃபிக்ஸா கேம்ப்ளேயா என்ற சண்டை கேம் ஆடுகிறவர்களிடம் ரஜினி-கமல் சண்டை மாதிரி. அதில் ரோக்கைத்தான் முதல் சாட்சியாகக் கூப்பிடுவார்கள். படமே இல்ல, ஆனா எவ்வளவு ஆழம் பாரு என்பார்கள். ஆழம் உண்மைதான். ஆனால் படம் வேண்டாம் என்று கொள்கை முடிவெடுத்து யாரும் ரோக்கை எழுதவில்லை. கம்பி தாங்கவில்லை, அதுதான் விஷயம்.

தொலைபேசிக் கம்பியில் 300 பாட் வேகத்தில் இணைந்தால் விநாடிக்குச் சுமார் 30 எழுத்து வரும். முழுத் திரையையும் ஒரு முறை நிரப்ப 64 விநாடி. பெர்க்லியில் இருந்த கென் அர்னால்ட் இதற்கு ஒரு வழி செய்திருந்தார். அவர் எழுதிய 'கர்சஸ்' என்ற நிரல் தொகுப்பு, திரையில் எந்தக் கட்டம் மாறியதோ அதை மட்டும் அனுப்பும். @ ஒரு அடி நகர்ந்தால் மாறுவது இரண்டே கட்டம். டாய் பெர்க்லிக்கு மாறிப் போனபோது அர்னால்டும் ரோக்கில் சேர்ந்துகொண்டார். நீங்கள் ஒரு அடி வைத்தால்தான் அரக்கனும் ஒரு அடி வைப்பான் என்ற நிதானமான ஆட்டமுறை இந்தக் கம்பிக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்தியது.

படத்தில் மிச்சமானது விதிகளுக்குப் போனது. அதற்கு முன் பிரபலமாக இருந்த 'அட்வென்சர்' என்ற குகை விளையாட்டை ஒரு முறை முடித்துவிட்டால் மறுபடி ஆட ஒன்றுமில்லை, புதிர்கள் மாறாது. தாங்கள் எழுதியதைத் தாங்களே ஆடினாலும் ஆச்சரியப்பட வேண்டும் என்பது டாய்க்கும் விச்மனுக்கும் இருந்த ஆசை. அதனால் ரோக்கில் திரையை 3-க்கு 3 என ஒன்பதாகப் பிரித்து, ஒவ்வொரு ஆட்டத்திலும் அறைகளும் வழிகளும் புதிதாக அமையும். போன ஆட்டத்தில் காயம் ஆற்றிய நீல மருந்து இந்த ஆட்டத்தில் கண்ணைக் குருடாக்கலாம். செத்தால் செத்ததுதான், பழைய இடத்திலிருந்து தொடர முடியாது. 1983-இல் பெர்க்லியின் யூனிக்ஸ் 4.2 பதிப்போடு இது உலகப் பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது.

ஒரு பொறியாளனாக என்னைப் பொறாமைப்பட வைப்பது ரோக் கூட இல்லை. அதன் வழிவந்த நெட்ஹேக், 1987. அதில் காக்கட்ரைஸ் என்று ஒரு பிராணி, தொட்டால் கல்லாகிவிடுவீர்கள். கையுறை போட்டுக்கொண்டு செத்த காக்கட்ரைஸை எடுத்து ஆயுதமாகச் சுழற்றலாம், எதிரி கல்லாவான். ஆனால் அதைப் பிடித்தபடியே குழியில் விழுந்தால் பிணத்தின் மேல் உடம்பு பட்டு நீங்களே கல். கண் தெரியாத நிலையில் வெறுங்கையால் தரையைத் தடவி அதைத் தொட்டாலும் கல். யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள், 'இப்படி நடந்தா என்ன ஆகும்?' என்று. ஒவ்வொன்றுக்கும் ஆன செலவு சில வரி நிரலும் ஒரு வாக்கியமும். இதையே படமாகக் காட்டுவதென்றால் பிணத்தைச் சுழற்றும் அசைவு, விழும் அசைவு, கல்லாகும் அசைவு என்று ஓர் அணியே மாதக்கணக்கில் உட்கார வேண்டும். எந்த நிர்வாகி சம்மதிப்பார்?

படம் ஆழத்துக்கு எதிரி என்று இதற்கு அர்த்தமில்லை. 1987-இலேயே அட்டாரி எஸ்டி கணினிக்கு வந்த 'டஞ்சன் மாஸ்டர்' அதற்குச் சாட்சி. தீப்பந்தம் எரிய எரியத் திரை மங்கும். அந்த இருட்டே ஆட்டத்தின் விதி. மேலிருந்து இறங்கும் கதவை அரக்கன் தலையில் இறக்கி நசுக்கலாம். அங்கே படமும் விதியும் ஒரே பொருள். ஆனால் அதற்காக அது விட்டுக்கொடுத்ததும் உண்டு: நிலவறை ஒன்றே ஒன்றுதான், எல்லோருக்கும் ஒரே வரைபடம்.

டியாப்லோவின் கதையில் கணக்கு இன்னும் வெளிப்படை. டேவிட் பிரெவிக் கல்லூரியில் மோரியா, ஆங்பேண்ட் போன்ற எழுத்து நிலவறைகளை ஆடி வளர்ந்தவர். டியாப்லோவையும் முதலில் ரோக் மாதிரி அடிக்கு அடி நின்று ஆடுவதாகத்தான் எழுதினார். நிற்காமல் ஓடும்படி மாற்றச் சொல்லி பிளிசார்ட் கேட்டது. தயங்கியவர், சில மணி நேரத்தில் மாற்றிப் பார்த்தாராம். எலும்புக்கூட்டைக் க்ளிக் செய்ததும் வீரன் நடந்து போய் அதை நொறுக்கினான், அத்தோடு முடிவாகிவிட்டது. நிலவறையின் குணத்தை மாற்றியது கிராஃபிக்ஸ் இல்லை, அந்த மாற்றம்தான். யோசிக்கும் நேரம் போய்விட்டது. படம் வேறு விதத்தில் தன் வரியை வசூலித்தது. கந்தல் துணியிலிருந்து முழு இரும்புக் கவசம் வரை விதவிதமாகக் கிடைக்கும், ஆனால் எதை அணிந்தாலும் திரையில் தெரிவது லேசானது, நடுத்தரம், கனமானது என்ற மூன்றில் ஒன்று. மூன்று வீரர்கள், ஒவ்வொருவருக்கும் மூன்று கவசத் தோற்றம், அதன் மேல் ஒவ்வொரு ஆயுத வகை, ஒவ்வொரு அசைவு, எட்டுத் திசை என்று பெருக்கிப் பாருங்கள். நான்காவது தோற்றம் ஒன்றைச் சேர்ப்பது எவ்வளவு பெரிய வேலை என்று புரியும்.

2000-இல் வந்த டியாப்லோ 2-ஐ பாலோ மாதிரி சிறு பட்டணங்களில் நாங்கள் அறிந்தது பசார் மாலாம் சிடி வழியாகத்தான், அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அதன் மறுபதிப்பு 2021-இல் வந்தது. விசைப்பலகையில் ஒரு பொத்தானைத் தட்டினால் புதிய படம் மறைந்து பழைய படம் வரும். அடியில் ஓடுவது அதே பழைய விதிகள். கிராஃபிக்ஸும் ஆட்டமும் தனித்தனி அடுக்கு என்பதை இதைவிடக் கண்ணெதிரே காட்ட முடியாது.

இந்த அடுக்குகளில் ஒன்றில் மலேசியாவுக்கும் வேலை உண்டு. 2020-இல் வந்த 'கமாண்ட் அண்ட் கான்கர்' மறுபதிப்பு நிலவறை விளையாட்டு இல்லை, போர் விளையாட்டு. ஆனால் அதே ஏற்பாடு: அடியில் 1990களின் அமெரிக்க நிரல், மேலே புதிய படங்கள். அந்தப் படங்களைப் புதுப்பித்தது நம் லெமன் ஸ்கை ஸ்டூடியோ. அருமையான வேலை, சும்மா சொல்லக்கூடாது. எனக்கு உறுத்துவது வேறு: வரைவதற்கு நம்மைக் கூப்பிடுகிறார்கள், விதி எழுத அல்ல.

பணம் இல்லாதவனுக்கு ரோக்கின் வழி இன்னும் திறந்திருக்கிறது, எழுத்துகளே போதும். தமிழிலேயே செய்தால் என்ன என்று கேட்கலாம். அங்கேதான் கம்பியைவிடப் பிடிவாதமான ஒரு சிக்கல். கர்சஸ் உலகில் ஒரு எழுத்து என்றால் ஒரு எண், ஒரு கட்டம். யூனிகோடில் 'க்' இரண்டு எண்கள். 'கொ' என்பதும் இரண்டு. அதன் குறி எழுத்துக்கு முன்னும் பின்னும் பிரிந்து உட்காரும். எத்தனை கட்டம் ஒதுக்குவது என்று தெரியாமல் பல டெர்மினல்கள் அதைச் சிதறடித்துவிடும். எழுத்தழகில் நமக்குக் குறையில்லை. ஆப்பிள் கணினியில் இருக்கும் 'தமிழ் சங்கம் எம்என்' எழுத்துருவின் பின்னொட்டு மலேசியாவின் முத்து நெடுமாறனைக் குறிப்பது. ஆனால் 'ட'வும் 'ண'வும் ஒரே அகலக் கட்டத்தில் நிற்க வேண்டிய தேவை நூல்களுக்கும் கைப்பேசிக்கும் இல்லை, நிலவறைக்குத்தான் உண்டு. ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் ஒரே எண் தரும் 'டேஸ் 16' முறையைத் தமிழ்நாடு அரசு 2010-இல் ஏற்றது. டெர்மினல் வரைக்கும் அது வரவில்லை.

வந்திருந்தால் ஒரு விளையாட்டு எழுதலாம். மெய் பிராணி, உயிர் அதன் நிலை. 'பு' பதுங்கிய புலி, 'பூ' பாயும் புலி, 'ப்' செத்த புலி. 18 பிராணிகள், ஒவ்வொன்றுக்கும் 12 நிலைகள், ஒரு பிணம். ஓவியர் தேவையில்லை. இப்போதைக்கு உயிர் 12, அகரமேறிய மெய் 18, மொத்தம் 30 எழுத்துகள் ஆளுக்கு ஒரே எண்ணோடு நிற்கின்றன. ரோக்குக்கு 26 அரக்கர்களே போதுமானதாக இருந்தது.