குடி அரசு இதழின் எழுத்துச் சீர்திருத்தம்

குடி அரசு இதழின் எழுத்துச் சீர்திருத்தம் என்பது தமிழின் 13 உயிர்மெய் எழுத்துகளின் அச்சு வடிவத்தை எளிமையாக்கி, பெரியார் ஈ. வெ. இராமசாமி தம் இதழ்களில் நடைமுறைப்படுத்திய மாற்றம் ஆகும். 1935 சனவரி முதல் குடி அரசு இவ்வடிவங்களில் அச்சானது. தமிழ்நாட்டு அரசு இவற்றை ஏற்க மேலும் 43 ஆண்டுகள் ஆயின. பொதுவாக "பெரியார் எழுத்து" எனப்படும் இம்மாற்றம் இலக்கண நூலிலோ புலவர் அவையிலோ தோன்றியதன்று. ஓர் அச்சகத்தின் எழுத்துப் பெட்டியில் தோன்றியது.

பின்னணி

குடி அரசு வார இதழ் 1925 மே 2 அன்று ஈரோட்டில் தொடங்கப்பட்டது. அலுவலகத்தைத் திறந்து வைத்தவர் திருப்பாதிரிப்புலியூர் ஞானியார் அடிகள். சைவ மடத்துத் தலைவர் ஒருவர் இவ்விதழைத் தொடங்கி வைத்தது பின்னாளில் பலருக்கு வியப்பளித்தது. இதழை அச்சிட்டது உண்மை விளக்கம் அச்சகம். பெரியார் எழுத்தாளராக மட்டுமன்றி அச்சக உரிமையாளராகவும் இருந்தார் என்பது இங்குக் கருதத்தக்கது. 1927 இறுதியில் ஆசிரியர் பெயரோடு அச்சிடப்பட்டு வந்த "நாயக்கர்" என்னும் சாதிப் பட்டம் நீக்கப்பட்டது. சாதிப் பட்டங்களைக் கைவிட வேண்டும் என்ற தீர்மானம் 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் நிறைவேறியது.

இயக்கம் தெற்கே கரிசல் பகுதிக்கும் பரவியது. கோவில்பட்டிக்கு வடக்கே உள்ள விருதுநகரில் 1931இல் மூன்றாவது மாகாண சுயமரியாதை மாநாடு நடைபெற்றது. கோவில்பட்டியை அடுத்த எட்டயபுரத்தில் பிறந்த பாரதியாரும் "தமிழில் எழுத்துக்குறை" என்ற கட்டுரையில் எழுத்து பற்றிப் பேசியுள்ளார். ஆனால் அவருடைய கவலை வேறு; பிறமொழி ஒலிகளைக் குறிக்கத் தமிழில் எழுத்துப் போதவில்லை என்பது அது. பெரியாரோ வடிவங்கள் மிகுதி என்றார்.

1933 அக்டோபரில் வெளியான தலையங்கம் ஒன்றுக்காகப் பெரியாரும் அவர் தங்கை கண்ணம்மாளும் சிறைத்தண்டனை பெற்றனர். குடி அரசு நின்றது. அதனிடத்தில் புரட்சி, பகுத்தறிவு ஆகிய இதழ்கள் அடுத்தடுத்து வந்தன. 1934 திசம்பர் இறுதியில் பகுத்தறிவு இதழில் சீர்திருத்தம் அறிவிக்கப்பட்டது. இரு வாரங்களில் மீண்டும் வெளிவந்த குடி அரசு புதிய எழுத்துகளைத் தாங்கியிருந்தது.

மாற்றப்பட்ட எழுத்துகள்

ணா, றா, னா. ணொ, றொ, னொ. ணோ, றோ, னோ. ணை, லை, ளை, னை ஆகியன அந்த 13 எழுத்துகள். கா, மா என்பவற்றில் மெய்யுருவும் காலும் தனித்தனியே நிற்கும். ஆனால் பழைய ணா, றா, னா ஆகியவற்றில் கால் தனித்து நில்லாமல் எழுத்தோடு ஒட்டிச் சுழிந்தது. ணை, லை, ளை, னை ஆகியவற்றின் முன்னே யானைத் துதிக்கை போன்ற வளைவு இருந்தது. பெரியார் புதிய உருவம் எதையும் வரையவில்லை. கை, மை என்பவற்றுக்கு உள்ள குறியையே லை, னை என்பவற்றுக்கும் இட்டார். காவின் காலையே ணாவுக்கும் இட்டார். விதிவிலக்கை விதிக்குள் கொண்டுவந்ததே அவர் செய்தது.

அச்சுத்தொழிலில் இதன் பயன்

ஈய எழுத்துகளைக் கையால் கோத்து அச்சிட்ட காலத்தில் ஒவ்வொரு தனி வடிவத்துக்கும் தனி அச்செழுத்து வேண்டும். பெட்டியில் தனி அறையும் வேண்டும். காலும் கொம்பும் பிரிந்து நின்றால் ஒரே துண்டு பல எழுத்துகளுக்கு உதவும். ஒட்டிய வடிவங்களுக்கு அது இயலாது. உரை எழுத்து, தலைப்பெழுத்து என ஒவ்வோர் அளவுக்கும் அவற்றைத் தனியே வார்த்து வாங்க வேண்டும். கோப்பவர் எழுத்தைத் தேடி எடுப்பதோடு, அச்சானபின் பிரித்து உரிய அறையில் திரும்பப் போடவும் வேண்டும். பொருள் வசதி குறைந்த சிறு அச்சகங்களுக்கு இது கூடுதல் சுமை. விசை எண்ணிக்கை வரம்புடைய தட்டச்சுப் பொறிக்கும் இதே இடர்ப்பாடு உண்டு.

கற்போர் நோக்கிலும் காரணம் இருந்தது. வயது வந்த பின் எழுத்துக் கற்கும் உழைப்பாளி, கா, கை ஆகியவற்றைக் கற்ற பிறகும் னாவையும் னையையும் தனியே மனனம் செய்ய நேர்ந்தது. எழுத்து ஒரு கருவியே, புனிதப் பொருளன்று என்பது பெரியாரின் நிலைப்பாடு. இதற்கு முன்னோடியும் உண்டு: எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டை எழுத்தில் தெளிவாக்கியவராக வீரமாமுனிவர் (1680–1747) குறிப்பிடப்படுகிறார்.

அரசு ஏற்பு

பெரியார் 1973இல் மறைந்தார். அவருடைய நூற்றாண்டையொட்டி, 1978 அக்டோபர் 19 அன்று எம். ஜி. இராமச்சந்திரன் தலைமையிலான அரசு இவ்வடிவங்களை ஏற்று ஆணையிட்டது. பாடநூல்கள் மாறின, நாளிதழ்கள் படிப்படியாக மாறின. சிங்கப்பூரும் மலேசியாவும் பின்பற்றின. பழைய முறையில் எழுதக் கற்றவர்கள் கையெழுத்தில் துதிக்கை லையை நெடுங்காலம் விடவில்லை.

பெரியார் முன்வைத்த அனைத்தும் ஏற்கப்படவில்லை. ஐ, ஔ ஆகியவற்றை அய், அவ் என எழுதும் முறை இயக்க வெளியீடுகளில் மட்டும் நிலைத்தது. இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகளின் 72 எழுத்துகளையும் தனிக்குறிகளால் எழுதலாம் என்று பின்னர் வா. செ. குழந்தைசாமி வலியுறுத்தினார். அதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது; நடைமுறைக்கு வரவில்லை. 13 எழுத்துகளின் மாற்றம் அச்சில் பல்லாண்டு புழங்கிக் கண்ணுக்குப் பழகிய பின் ஆணையானது என்பது இரண்டுக்கும் உள்ள முக்கிய வேறுபாடு. ஒருங்குறி எழுத்துருக்களில் இயல்பாகக் கிடைப்பவை சீர்திருத்த வடிவங்களே. பழைய வடிவங்களைக் காட்ட அதற்கெனச் செய்யப்பட்ட எழுத்துரு தேவைப்படுகிறது.